இறங்கி நடக்கிற தெரு

புலியடிக்குளத்தில் காலனிக்காரர்கள் மேலத்தெரு வழியாகப் போகும்போது வண்டியை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று எந்தப் போர்டும் கிடையாது. போர்டு வைத்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள் என்கிற விவரம் மேலத்தெருவுக்கு உண்டு. ஆனாலும் தெருமுனை வேப்பமரம் வந்ததும் காலனி ஆண்கள் வண்டியை அணைப்பார்கள், இறங்குவார்கள், கடைசி வீடு வரை உருட்டுவார்கள், அதற்கப்புறம்தான் ஏறுவார்கள். சைக்கிள் காலத்தில் வந்த பழக்கம் புல்லட் காலத்திலும் போகவில்லை. கேட்டால் "அது ஒரு மரியாதை" என்பார்கள். யாருக்கு யார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்த மரியாதையில் முதல் ஓட்டையைப் போட்டவள் சுகந்தி. வேண்டுமென்று போடவில்லை. சின்ன வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலை முழுசாகவும் வலது காலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டது. காலைத் தாங்குகிற இரும்புக் காலிப்பரைப் பூட்டிக்கொண்டு கக்கத்துக் கட்டையோடு தென்காசியில் ஓர் இ-சேவை மையத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். நாற்பது வயதை நெருங்கும்போது அரசாங்க ஸ்கூட்டர் கிடைத்தது. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த வண்டி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மேலத்தெருவுக்குள் உட்கார்ந்தபடியே வந்தாள். இறங்கினால் அவளால் உருட்ட முடியாது, அவ்வளவுதான் விஷயம். திட்ட வாய் திறந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். "பாவம், நொண்டிப் பிள்ள, போகட்டும்" என்று ஒரு பெண்குரல் சொன்னது. அந்த வார்த்தைக்காகப் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டவள் சுகந்தி. அன்றைக்கு மட்டும் காதில் விழாத மாதிரி ஆக்ஸிலேட்டரைத் திருகினாள்.

காலனியில் மணிமுத்து என்றொருவன். எலெக்ட்ரிஷியன், சமத்துவ இளைஞர் மன்றம் என்று ஒரு மன்றத்துக்குத் தலைவன். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் ஊர் அவனைப் பயல் என்றுதான் சொல்லும். அவன் ஒரு சாயங்காலம் வேப்பமரத்தடியில் நண்பர்களோடு பைக்கை நிறுத்திக்கொண்டு சுகந்தி வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தான்.

"யக்கா, நீங்க முன்னால போங்க. நாங்க பின்னால வாரோம்" என்றான்.

"இறங்காமலா?"

"நீங்க இறங்கலைல்லா."

அவள் முன்னால் போனாள். அவர்கள் பின்னால் வந்தார்கள், உட்கார்ந்தபடி. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, கத்தவில்லை. கண்ணாடியில் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே சுகந்தி ஓட்டினாள். இத்தனை வருஷ வாழ்க்கையில் தன் பின்னால் ஆள் வருவார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. எப்போதும் கூட வருகிறவர்கள் முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்து, "மெதுவா வா" என்பார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

அடுத்த வாரமே வேப்பமரத்தடியில், ஏற்றி இறக்குகிற மாதிரி, பூட்டோடு ஓர் இரும்புக் குறுக்குக் கம்பி வந்துவிட்டது. பிள்ளைகள் விளையாடுகிற தெரு, வேகமாக வருகிறார்கள், ஆபத்து என்று காரணம். மேலத்தெருவில் வண்டி வைத்திருக்கிற வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு சாவி. மற்றவர்களுக்குச் சுவரோரமாக ஒரு சந்து. இறங்கினால் பைக்கை ஒருச்சாய்த்து உருட்டிக்கொண்டு போகலாம். அப்படி இறங்கினவன் அத்தனை கண்களுக்கு முன்னால் மறுபடி ஏறுவானா என்ன? ஏறவில்லை. பழைய மரியாதை பழையபடி திரும்பிவிட்டது.

சுகந்தியின் வண்டி அந்தச் சந்தில் நுழையாது. அவளுக்கு மிச்சம் இருந்தது வாய்க்கால் கரை. ஐப்பசி மழையில் கரை குழைந்து கிடந்தபோது வண்டியோடு சரிந்து, காலிப்பரின் பெல்ட் அறுந்து, சேற்றில் கிடந்தாள். வயலுக்கு வந்த ஆட்கள் தூக்கிவிட்டார்கள். அழுகை வரவில்லை அவளுக்கு. கோபம் வந்தது. அந்தக் கம்பி போக வேண்டும், தனக்கும் போக வேண்டும், பின்னால் வந்த பயல்களுக்கும் போக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினாள்.

அவளுக்குச் சங்கம் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சங்கம். அவள்தான் செயலாளர். தலைவர் சிவனணைந்தபெருமாள், தென்காசியில் நல்ல வீடு வாசல் உள்ளவர், விபத்தில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். லேசுப்பட்ட ஆள் இல்லை. உதவித்தொகைக்காக அவர் ரோட்டில் படுத்து மறியல் செய்ததைப் பார்த்துத்தான் சுகந்தி சங்கத்தில் சேர்ந்தாள். அந்த மறியலுக்கு ஆள் போதாமல் போனபோது மணிமுத்துவின் மன்றத்துப் பயல்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வெயிலில் உட்கார்ந்ததும் அவளால்தான்.

அந்த வருஷம் ஆடிச் சீசனில், கம்பி வருவதற்கு முன்னால், சங்கத்தார் எல்லாரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். தூக்க ஆள் வேண்டுமே. அப்போதும் மன்றத்துப் பயல்கள்தான். ஈரப் பாறையில் கால் வழுக்காமல் நாலு பேர் கைகோத்து, சிவனணைந்தபெருமாளை அதில் உட்காரவைத்து, அருவிக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார்கள். விபத்துக்கு அப்புறம் அவர் தலையில் அருவித் தண்ணீர் விழுந்தது அன்றைக்குத்தான். மனுஷன் வாய்விட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பார், எல்லாருக்கும் கேட்டது. மணிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க வந்து நிப்போம்லே. தவழ்ந்தாவது வருவோம்" என்றார். கரையில் கட்டையை ஊன்றி நின்றுகொண்டிருந்த சுகந்தி அதைக் கேட்டாள். சாரலோடு சாரலாக அவளும் அழுதாள்.

ஆகவே கம்பி விஷயத்தைச் சங்கத்தின் கமிட்டியில் வைத்தபோது அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சிவனணைந்தபெருமாள் முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நாற்காலிச் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சுகந்தி, இது நூத்துக்கு நூறு நம்ம பிரச்சினை. ஒரு மாற்றுத்திறனாளி தன் வீட்டுக்குப் போக முடியல. நாம விடக் கூடாது. ஆனா சாதிய உள்ள கொண்டு வரவேண்டாம்."

"அண்ணாச்சி, கம்பிய வச்சதே அதுக்குத்தான்."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா அந்த வார்த்த வந்துட்டுன்னா நம்ம சங்கத்துல பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவான்."

பொருளாளர் ரஹ்மத், வடகரைக்காரி, பார்வை இல்லாதவள். "எந்திரிச்சுப் போக முடியுதவன் நம்ம சங்கத்துல யாரு அண்ணாச்சி இருக்கான்?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிவனணைந்தபெருமாளும் சிரித்தார். ரஹ்மத் சிரிக்கவில்லை.

"சிரிக்கதுக்குச் சொல்லல. சுகந்தி போற பாதைய மட்டும் எப்படித் தனியா வெட்டி எடுப்பீங்க? அவ காலனியில பொறந்தவ, காலும் வராதவ. ரெண்டும் ஒரே ஆளுல்லா."

"எடுத்துட்டா எல்லாருக்கும்தானே வழி" என்றார் தலைவர். "கம்பி போயிட்டுன்னா யாரு எப்படிப் போனா என்ன? ஜெயிக்குத வழியில ஜெயிப்போம்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. சுகந்தி தலையாட்டினாள். மணிமுத்துவிடம் போய்ச் சொன்னபோது அவனும் தலையாட்டினான். "ஒங்க பேருல ஒடஞ்சாலும் கம்பி ஒடையத்தானே செய்யும்" என்றான். இருவருக்கும் அசதி. வழக்கு, போலீஸ், சாட்சி என்று அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்த காலனி அது. பரிதாபத்தைக் காட்டிச் சீக்கிரம் முடியுமென்றால் முடியட்டும் என்று நினைத்துவிட்டார்கள்.

தென்காசியில் தாலுகா அலுவலக வாசலில் சங்கம் தர்ணாவில் உட்கார்ந்தது. மன்றத்தின் நீலக்கொடி வேண்டாம் என்று தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். மணிமுத்து அதை மடித்து ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தான். ஆட்டோவிலிருந்து ஆட்களை இறக்கினது, பந்தல் நிழலில் உட்காரவைத்தது, மூத்திரம் போகத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அவனும் அவன் ஆட்களும்தான். கோஷம் போடும்போது மட்டும் பின்னால் தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் ஓர் அதிகாரி வெளியே வந்து, சுகந்தியின் பக்கத்தில் குனிந்து, "உங்க பிரச்சினையை நான் முடிச்சுத் தரேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எப்படி முடிப்பார் என்று கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் மாதம் மாற்றுத்திறனாளிகள் தின விழா. குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபம். வெளியே ஐயப்பசாமிகள் ஈரவேட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள், சிப்ஸ் கடைகளில் எண்ணெய் கொதித்தது. மண்டபத்துக்கு ஏற நாலைந்து படி. மாற்றுத்திறனாளிகள் விழாவுக்கு அதைவிடப் பொருத்தமான மண்டபம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மன்றத்துப் பயல்கள் ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். தலைவரை மேடைமீதும் ஏற்றினார்கள். அப்புறம் பின்சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். நாற்காலியெல்லாம் நிறைந்துவிட்டிருந்தது.

காலையில்தான் தலைவர் போனில் சொல்லியிருந்தார். "கம்பி விஷயம் முடிஞ்சிட்டு. மேடையில ஒனக்கு ஒரு சந்தோஷம் வச்சிருக்கேன்." சுகந்தி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் மேலத்தெரு ஊர்த்தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவரை அங்கே அவள் எதிர்பார்க்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஒரு தாம்பாளம் வந்தது. வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சாவி.

ஊர்த்தலைவர் மைக்கைப் பிடித்தார். "எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு சாவி குடுத்திருக்கோம். இன்னையிலருந்து சுகந்திக்கும் ஒண்ணு. அவளும் எங்க வீட்டுப் பிள்ள மாதிரிதான்." மண்டபம் அதிரக் கைதட்டல். போட்டோ எடுக்கிறவன், "அக்கா, சாவிய முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க" என்றான்.

அவள் தூக்கிப் பிடித்தாள். கை தானாகத் தூக்கிவிட்டது. அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றிருந்தது அவளுக்கு. சாவிக்கு அந்தப் பக்கம், பின்சுவரோரம், மணிமுத்துவின் முகம் தெரிந்தது. அவன் கைதட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடையை விட்டு வந்ததும் ரஹ்மத் அவள் கையைத் தடவிப் பார்த்தாள். "ஏட்டி, இதென்ன சாவி? கம்பிய எடுக்கலையா?"

"எடுக்கல."

"ஒனக்கு மட்டுமா?"

சுகந்தி சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். ரஹ்மத் அவள் கையை விட்டுவிட்டாள். கோபமா, துக்கமா என்று தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட முகத்தில் எதைப் பார்ப்பது?

சாப்பாட்டுப் பந்தியில் தலைவரை அவள் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, நாம இதுக்கா உக்காந்தோம்?"

"ஏம்மா, வேற எதுக்கு உக்காந்தோம்? நீ வீட்டுக்குப் போகணும்னு உக்காந்தோம். போகலாம் இப்ப."

"மணிமுத்துவும் மத்தவங்களும்?"

அவர் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "அவங்களுக்குக் காலு இருக்குல்லா சுகந்தி. இறங்கி நடக்கட்டுமே. அதுல என்ன கொறஞ்சிரப் போகுது?"

அந்தக் கால்கள்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரைப் படியேற்றி வைத்தன. பந்தி முடிந்ததும் இறக்கிவிடவும் அவற்றைத்தான் அவர் கூப்பிடுவார். சுகந்தி இலையை மடித்துவிட்டு எழுந்தாள். அவர் நல்லவர்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு காறித்துப்பலோடு போயிருக்கும்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்துவிட்டாள். மன்றத்துப் பைக்குகளும் பின்னாலேயே வந்தன. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடியே எட்டிப் பூட்டைத் திறந்தாள். கம்பி மேலே போயிற்று. தெரு அகலமாகத் திறந்து கிடந்தது.

"வாங்கலே" என்றாள் திரும்பிப் பார்த்து. "என் பின்னால வாங்க. அன்னைக்கு வந்த மாதிரி."

மணிமுத்து வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள்.

"என்னல செய்யுத? தெறந்துதானே கெடக்கு!"

"வேண்டாம்க்கா." அவன் குரலில் கோபமே இல்லை. "நாங்க உக்காந்து வந்தா நாளைக்கே பூட்ட மாத்திருவான். மறுபடியும் நீங்க வாய்க்கால்ல போய் விழணும். ஒங்களுக்காவது இருக்கட்டும்."

"எனக்காவதுன்னா?"

"போங்கக்கா. எல்லாரும் பாக்காங்க."

திறந்து கிடக்கிற வழியை விட்டுவிட்டு, அவர்கள் ஒவ்வொருவராகச் சுவரோரச் சந்துக்குள் பைக்கை ஒருச்சாய்த்து நுழைந்து அந்தப் பக்கம் போனார்கள். அவளுக்காக. அவளைத் திட்டியிருந்தால்கூட ஒருமாதிரி சமாளித்திருப்பாள்.

அவள் வண்டி மெதுவாகத் தெருவுக்குள் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் அவர்கள் தலைகுனிந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். மேலத்தெரு வீட்டுவாசல்களில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் கடுகடுப்பு இல்லை. ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, ஒரே ஒரு நொண்டிப் பிள்ளை மட்டும் உட்கார்ந்து போகிறது, அதுவும் இவர்கள் கொடுத்த சாவியில். விழாவிலிருந்து காரில் முன்னாலேயே வந்துவிட்டிருந்த ஊர்த்தலைவர் வாசலில் நின்று, "இப்பதாம் பாக்க நல்லாருக்கு" என்றார், பக்கத்தில் நின்றவரிடம்.

சுகந்தி பிரேக்கைப் பிடித்தாள்.

கால் வேண்டும் என்று அவள் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை. பண்பொழி மலை முருகனுக்கு அம்மா நேர்ந்துகொண்டபோதுகூட, "ஒனக்கு வேண்டியத கேளு, எனக்காகக் கேக்காத" என்று சண்டை போட்டவள். அந்தக் கணத்தில் கேட்டாள். ஓடவோ ஆடவோ இல்லை. இந்தத் தெருவில் இவர்களோடு இறங்கி நடக்கிற அவமானத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ள.

கட்டையை எடுத்துக் கக்கத்தில் கொடுத்தாள். காலிப்பரைப் பூட்டினாள். நடுத்தெருவில், ஊர்த்தலைவர் வீட்டுக்கு நேராக, வண்டியை விட்டு இறங்கினாள்.

"எம்மா, நீ ஏன் இறங்குத?" என்றார் அவர் பதறிப்போய். "ஒனக்குத்தான் சாவி குடுத்திருக்கோம்லா!"

"எனக்கு மட்டும் குடுத்தீங்கல்லா, அதுக்குத்தான்."

கம்பியின் சாவியை வண்டி சீட்டின் மேல் வைத்தாள். மணிமுத்து தன் பைக்கை நிறுத்திவிட்டு அவள் வண்டியை உருட்ட ஓடிவந்தான். "தொடாதல. அங்கனயே கெடக்கட்டும்" என்று கத்தினாள். கட்டையை முன்னால் வைத்து, உடம்பை இழுத்து, மறுபடி கட்டையை வைத்து நடந்தாள். அவளுடைய வேகத்துக்கு அவர்கள் பைக்கை உருட்டினார்கள். அந்தத் தெருவில் அவ்வளவு மெதுவாக யாரும் போனதில்லை. பின்னால் ஊர்த்தலைவர், "வண்டிய எடுங்கலே, எடுங்கலே" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். தெரு முடிவதற்குள் சுகந்தி இரண்டு தடவை விழுந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது முழங்கை இரண்டும் உரிந்திருந்தன.

ஏதாவது நடந்ததா என்று கேட்டால், நடந்தது. விடிந்து பார்த்தபோது ஸ்கூட்டர் வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தது. பக்கச் சக்கரம் ஒன்று நசுங்கியிருந்தது. யார் தள்ளினார்கள் என்று மேலத்தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேப்பமரத்தடியில் கம்பி இறங்கியிருந்தது, புதுப்பூட்டு தொங்கியது.

ஸ்கூட்டரை மணிமுத்து ஆட்கள் கரையேற்றிக்கொண்டிருந்தபோது சிவனணைந்தபெருமாளின் போன் வந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட சுகந்தி? அரசாங்கம் குடுத்த வண்டிய நடுத்தெருவுல போட்டுட்டா வருவாங்க? அந்த ஊர்த்தலைவர் எனக்குப் போன் போட்டு என்ன பேச்சு பேசுதாரு தெரியுமா? எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்தேன். இப்ப சங்கத்துக்குல்லா கெட்ட பேரு."

அவர் மூச்சு விடுகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, சீசனுக்குப் போனப்ப ஒங்கள அருவியில பிடிச்சிக்கிட்டு நின்னாங்கல்லா, நாலு பேரு. நேத்தும் மேடையில ஏத்தி எறக்குனாங்க. மணிமுத்துவ விடுங்க, அவனத் தெரியும். மத்த மூணு பேரு பேரு என்ன?"

"யாரு, அந்தப் பயலுவளா?"

"ஆமா. ஒருத்தன் பேராவது சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலிச் சக்கரம் முன்னும் பின்னும் நகருகிற சத்தம் கேட்டது. அவர் யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நிஜமாகவே யோசித்தார். வாய்க்காலில் பயல்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறுகிற வரைக்கும் யோசித்தார். சுகந்தி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.